மூன்று முறை முயற்சி செய்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சீல் அக்கா. சின்னவர்கள் வைத்த பெயர், பெரியவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. மொத்தமே பதினோரு பேர் வேலை செய்யும் நிறுவனம். தானாக மூச்சு விடச் சிரமப்படுகிறவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் மூச்சு இயந்திரத்தை அங்கே செய்தார்கள். இயந்திரத்துக்குள் ஓடுகிற மென்பொருளை எழுதுவது மற்றவர்கள் பாடு. எழுதியதைப் பொதியாகக் கட்டி, அதன்மேல் நிறுவனத்தின் முத்திரையைப் போட்டு, வீடுகளில் இருக்கும் இயந்திரங்களுக்கு அனுப்பி வைப்பது அவள் பாடு.

முத்திரை என்றால் அரக்கு முத்திரை இல்லை. கம்ப்யூட்டரில் செருகுகிற, கட்டைவிரல் நீளக் குச்சி ஒன்று. அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருந்தது. அந்தச் சாவி கையெழுத்துப் போட்ட பொதியை மட்டுமே இயந்திரங்கள் ஏற்கும். வேறு எது வந்தாலும் பிரித்துக்கூடப் பார்க்காமல் தள்ளிவிடும். எவனோ ஒரு விஷமக்காரன் நோயாளியின் மூச்சில் கைவைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. சாவி அந்தக் குச்சிக்குள்ளேயே உண்டானது, நகல் எடுக்க வழியில்லை. குச்சியைத் திறக்க ஆறு இலக்க எண் ஒன்று உண்டு. அதை மூன்று தடவை தப்பாகக் கொடுத்தால் குச்சி பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டதைத் திறக்க எட்டு இலக்கத்தில் ஒரு பெரிய எண். அதையும் மூன்று தடவை தப்பாகக் கொடுத்துவிட்டால் சாவி செத்தது என்று அர்த்தம்.

அந்த வாரம் சோதனை பார்க்கும் பெண் ஒரு பிழையைக் கண்டுபிடித்திருந்தாள். இயந்திரத்தை அணைக்காமல் ஐம்பது நாள் ஓட்டினால், உள்ளே நேரத்தை எண்ணுகிற கணக்கு நிரம்பி வழிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கரண்ட் போய், பேட்டரி தீர்ந்து, இயந்திரம் நிற்கப் போகும்போது அடிக்க வேண்டிய அலாரம் அடிப்பதில்லை. சத்தமே இல்லாமல் நின்றுவிடுகிறது. அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் அந்த இயந்திரம் இருந்தது. பாதிப் பேர் அதை அணைப்பதே இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து பிழையைத் திருத்திவிட்டார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திருத்தம் சீல் அக்காவின் கைக்கு வந்தது. அவள் சீல் வைத்து அனுப்பினால் மறுநாள் விடியும்போது எல்லா இயந்திரங்களும் தாமாகவே அதை எடுத்துக்கொள்ளும்.

"பத்து நிமிஷ வேலைதானே?" என்று முதலாளி அவள் மேஜை வரை வந்து கேட்டார்.

"பத்தே நிமிஷம் சார்," என்றாள்.

பொதி கட்டி முத்திரை போடுகிற வேலையைக் கையால் செய்வதில்லை. அதற்கு அவள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தாள். ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லாம் வரிசையாக நடக்கும். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் போன வாரம் உயிரை விட்டிருந்தது. புதியதில் எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தாள். பொத்தானைத் தட்டினாள். 'ரகசியச் சாவி இல்லை' என்று சிவப்பில் வந்தது.

குச்சி செருகித்தான் இருந்தது. கழற்றி மறுபடி செருகினாள். அதே சிவப்பு. அரைமணி நேரம் தோண்டியதில், சாவியைக் காவல் காக்கிற சின்னச் செயலி புதிய கம்ப்யூட்டரில் எழுந்திருக்கவே இல்லை என்று தெரிந்தது. எழுப்பினாள். இப்போது வேறு சிவப்பு. அந்தச் செயலி ஆறு இலக்க எண்ணைக் கேட்பதற்கு ஒரு திரையைத் தேடியது. தானாக ஓடுகிற ஸ்கிரிப்டுக்குத் திரை எங்கே? திரையில் கேட்காதே, இந்தக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள் என்று மாற்றிக் கொடுத்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டிருந்தது. மணி ஒன்றாகிவிட்டது. முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எண் அவளுடைய டைரியில் இருந்தது. அதை வேறொரு கம்ப்யூட்டரில் தட்டிக் கோப்பாக்கி, இங்கே கொண்டுவந்து வைத்தாள். ஆறு இலக்கங்களையும் டைரியோடு ஒப்பிட்டு, விரல் வைத்து, இரண்டு முறை சரிபார்த்தாள். சரியாக இருந்தது. பொத்தானைத் தட்டினாள்.

எண் தவறு. எண் தவறு. எண் தவறு. குச்சி பூட்டப்பட்டது.

நான்கு வரிகளும் வர இரண்டு விநாடிகூட ஆகவில்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். எழுந்து என்ன செய்ய இருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

போன வருடம் முத்திரையில் நேரம் குறிக்கும் வெளி சர்வர் ஒன்று அடிக்கடி பதில் சொல்லாமல் போகும். ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்ப் பொத்தானைத் தட்ட அலுத்துப்போய், ஸ்கிரிப்டில் அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள். தோற்றால் மூன்று முறை முயற்சி செய். நல்ல வரி என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். அந்த வரி இப்போது சொன்னபடி செய்திருந்தது. கோப்பைப் பிரித்து எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். ஆறு இலக்கத்துக்குப் பின்னால் ஏழாவதாக ஒன்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத எழுத்து. அந்த இன்னொரு கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் தன் பழக்கத்துக்கு ஒட்டிவிடுகிற ஒன்று. மனிதர் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. குச்சி பார்த்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "பெரிய நம்பர்னு ஒண்ணு இருக்குமே, அதப் போட்டுத் திறந்துடுங்க," என்றார்.

"அது தாடிகிட்டதான் சார் இருக்கு."

தாடி என்று எல்லோரும் கூப்பிட்டவர், இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டவர். குச்சியை வாங்கி, சாவியை உண்டாக்கி, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அந்தச் சாவியின் அடையாளத்தை ஊட்டியவர் அவர்தான். ஒரே குச்சியை நம்பி இத்தனை உயிரை வைக்கக் கூடாது, இரண்டாவது சாவி ஒன்று வேண்டும், எல்லா இயந்திரத்திலும் அதையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலாளி, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியாக ஒரு கூட்டத்தில் இருவருக்கும் வாய் முற்றியது. கூட்டத்துக்கு முன்னால் தாடி அவளிடம், "இன்னைக்கு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் மட்டும் கத்துனா என் குணம் அப்படின்னு விட்டுடுவாங்க," என்று கேட்டிருந்தார். சரி என்றுதான் தலையாட்டினாள். கூட்டத்தில் டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலமே அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசியதில்லை.

இப்போது படிக்கட்டில் நின்று போன் போட்டாள்.

"சொல்லுங்க," என்றார் தாடி.

"குச்சி பூட்டிக்கிச்சு."

"மூணும் போச்சா?"

"ஸ்கிரிப்ட் தானா அடிச்சிடுச்சு. நான் எழுதின வரிதான்." பிழையைப் பற்றியும், அலாரத்தைப் பற்றியும், காத்துக்கொண்டிருக்கும் திருத்தத்தைப் பற்றியும் சொன்னாள்.

"பெரிய நம்பர் அவர்கிட்டயே இருக்கே. போற அன்னைக்கு அத மாத்திட்டு, புது நம்பரக் கவர்ல போட்டு ஒட்டி அவர் மேஜையில வச்சுட்டுத்தான் போனேன்."

அவள் திரும்பிப் போய் முதலாளியிடம் கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"கவர் இருந்துச்சு," என்றார். "பிரிக்கல. திட்டி எழுதிட்டுப் போயிருப்பான்னு நெனச்சேன். கிழிச்சுப் போட்டுட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. அவருடைய தம்பி இருபத்தாறு வயதில் மூச்சு முட்டிக் கண்ணெதிரே போனதைப் பார்த்துத்தான் இந்த நிறுவனத்தையே ஆரம்பித்தார். அதைச் சொல்லி யாரிடமும் அவர் பெருமை தேடியதும் இல்லை. அன்றைக்கு அவருக்கு ரோஷம், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் தாடி இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார். தாடி நரைத்திருந்தது. முதலாளி எழுந்து நின்று, "வாங்க," என்றார். "ம்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாடி சர்வர் அறைக்குள் போனார். முழங்கால் இடிக்கும் சின்ன அறை அது. மின்விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடமும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும்.

"நம்பர் முழுசா ஞாபகம் இல்ல," என்றார். "கடைசி ஆறும் என் காலேஜ் வரிசை நம்பர். அது சாகுற வரைக்கும் மறக்காது. முன்னால ரெண்டு இலக்கம் சேர்த்தேன். ஆத்திரத்துல இருந்தேன், என்ன சேர்த்தேன்னுதான்... அன்னைக்குத் தேதின்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, தெரியுமா?"

"நெனைக்கிறேன்."

ஸ்கிரிப்டை அவள் முழுதாக அணைத்திருந்தாள். எல்லாம் கையால்தான். அவர் வேலையை விட்ட அன்றைய தேதி பதினேழு. தாடி ஒவ்வோர் இலக்கமாகத் தட்டினார், அவள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள். எண் தவறு. இன்னும் இரண்டு.

"அப்ப மாசம்," என்றார். "தேதி இல்லன்னா மாசம்தான்."

"யோசிச்சுக்குங்க. அவசரமில்ல."

இரண்டு பேருக்குமே அவசரம் இருந்தது. சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டாள். மாதத்தைப் போட்டார். எண் தவறு. இன்னும் ஒன்று.

தாடி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இதுக்கு மேல இன்னைக்கு வேணாம்," என்றார். "வீட்ல பழைய நோட்டெல்லாம் பரண்ல கெடக்கு. தேடிப் பார்க்கிறேன்."

அவரைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டாள். வழியில் கூட்டத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான்கைந்து தடவை வாயெடுத்தாள். பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தபடி அவர், "நீங்க அன்னைக்குப் பேசியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

திருத்தம் அனுப்ப முடியாவிட்டாலும் ஒரு மாற்று வழி இருந்தது. இயந்திரத்தை ஒரு தடவை அணைத்துப் போட்டால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இன்னும் ஐம்பது நாளைக்குக் கவலையில்லை. ஆகவே வீடுவீடாகப் போன் போடுவது என்று முடிவாயிற்று. நான்கு பேர் பட்டியலைப் பிரித்துக்கொண்டார்கள். என்ன காரணம் சொல்வது என்று கேட்டபோது முதலாளி, "வழக்கமான பராமரிப்புன்னு சொல்லுங்க. அலாரம் அடிக்காதுன்னு சொன்னா ஜனங்க பயந்துடுவாங்க," என்றார். அவளும் அப்படியே சொன்னாள். புதன்கிழமை மட்டும் எழுபத்து நான்கு வீடுகளில் சொன்னாள். ராத்திரி பகல் இயந்திரத்திலேயே இருப்பவர்களுக்கு அணைத்துப் போடுகிற ஒரு நிமிடம் யாராவது கையால் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடமும் போனிலேயே கூட இருந்து, ஒன்று இரண்டு என்று எண்ணிக் கொடுத்தாள். முப்பத்தொரு நம்பர்கள் எடுக்கவே இல்லை. சிலது மாறிப் போயிருந்தது. அந்த வீடுகளுக்கெல்லாம் கடிதம் போட்டார்கள்.

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனில் நாற்பது பிள்ளைகளின் கூச்சலைச் சமாளிக்கிற மனிதருக்கு இவள் மௌனத்தைச் சமாளிக்கத் தெரியவில்லை. "விரக்கடை உசரம் இல்லாத குச்சி, உன்ன இந்தப் பாடு படுத்துதா? நான் வந்து நாலு போடு போடவா?" என்றார். எப்போதும் சிரிப்பாள். அன்று தட்டை நகர்த்திவிட்டு, "நான் எழுதுன வரிங்க," என்றாள். பத்தாவது படிக்கும் மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "அம்மா, மூணு தடவை தப்பா அடிச்சா பூட்டிக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்று கேட்டாள். குறை சொல்ல இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தெரியும். மற்றவர்களுக்கு வகுப்பெடுத்ததே அவள்தான்.

வெள்ளிக்கிழமை தாடி ஒரு நோட்டோடு வந்தார். அட்டையைக் கரையான் அரித்திருந்தது. வேலையை விட்ட நாளைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தது, தேதி பதினெட்டு என்று போட்டிருந்தது. "அன்னைக்குப் பதினேழு. ஆனா நான் பதினெட்டுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க. ராஜினாமாக் கடிதத்துலயும் பதினெட்டுதான் போட்டிருந்தேனாம், உங்க கணக்குப் பிரிவுல கேட்டேன்."

மூன்று பேர் அந்த அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். முதலாளி கதவில் சாய்ந்துகொண்டார். தாடி முதல் இலக்கத்துக்கு விரலைக் கொண்டுபோய்விட்டு நிறுத்தினார்.

"நீங்க அடிங்க," என்று அவளிடம் சொன்னார். "நான் அடிச்சது ரெண்டும் தப்பாப் போச்சு."

அவள் உட்கார்ந்தாள். ஒன்று, எட்டு. பிறகு அவர் சொல்லச் சொல்ல ஆறு இலக்கம். கடைசிப் பொத்தானைத் தட்டுமுன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். முதலாளி தலையசைத்தார். தட்டினாள்.

எண் தவறு. அதற்குப் பிறகு 'இன்னும் எத்தனை' என்ற வரி வரவில்லை. குச்சியில் பச்சையாக எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கு மட்டும் எப்போதும்போல எரிந்தது.

முதலாளி முதலில் வெளியே போனார். அவர் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டது கேட்டது. நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தாடி, "இருபத்தி ரெண்டா இருக்குமோ," என்று தனக்குள் சொன்னார். அது அவருடைய பழைய வீட்டு எண்ணாம். இனி எதுவாக இருந்தும் என்ன? தலைக்கு மேல் போன வெள்ளம்.

குச்சி செய்கிற நிறுவனத்துக்கு அவள் எழுதிப் பார்த்தாள். மரியாதையாகவே பதில் வந்தது. எங்களால் திறக்க முடியுமென்றால் திருடனாலும் திறக்க முடியும், அதனால் யாராலும் திறக்க முடியாதபடிதான் செய்திருக்கிறோம், வருந்துகிறோம் என்று. அந்தக் கடிதத்தில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஒவ்வொரு வீடாகப் போய், இயந்திரத்தின் பின்பக்கத்தைத் திருகிக் கழற்றி, ஒரு வயரைச் செருகி, பழைய சாவியின் அடையாளத்தை அழித்துப் புதியதைப் போட வேண்டும். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம். அறுநூற்றுப் பன்னிரண்டு வீடு. சீல் அக்கா தன் பெயரைத்தான் முதலில் எழுதினாள். தாடி கேட்காமலே இரண்டாவதாகத் தன் பெயரை எழுதினார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை, போன் எடுக்காத வீடுகளில் நான்காவதாக அவள் போனது ஒரு தையல்காரர் வீடு. மூன்றாவது மாடி. ஒரு பெண் கதவைத் திறந்தாள். உள்ளே ஜன்னலோரம் தையல் மெஷின், அதற்கு மூடி போட்டிருந்தது. துணி வெட்டுகிற மேஜைமேல் மூச்சு இயந்திரம், வயரெல்லாம் சுருட்டி ரப்பர் போட்டு வைத்திருந்தது. அந்தச் சுருட்டலைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மெஷினை எடுத்துட்டுப் போக வந்தீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "நானே போன் பண்ணணும்னு இருந்தேன். நம்பர் மாத்துனதுல எல்லாம் போச்சு. அவர் போய்ப் பன்னெண்டு நாளாச்சு. நல்லாத்தான் இருக்கு மெஷினு, வேற யாருக்காவது குடுங்க."

பன்னிரண்டு நாள். விரலை மடக்காமலே அவளுக்குக் கணக்கு வந்தது. வியாழக்கிழமை. இரண்டாவது தப்புக்கும் மூன்றாவது தப்புக்கும் நடுவில்.

"எப்படிம்மா ஆச்சு?"

"மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா மெஷினை மாட்டிக்குவாரு. நான் சலவைக்கடைக்கு வேலைக்குப் போயிருந்தேன். காலையிலேயே கரண்ட் போயிருக்கு. பேட்டரி நாலு மணி நேரம் நிக்கும். தீரும்போது அலாரம் அடிக்கும், எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து எழுப்பி உக்கார வச்சுடுவாங்க. ரெண்டு தடவை அப்படி வந்து காப்பாத்தியிருக்காங்க. அன்னைக்கு..." நிறுத்தினாள். "உங்க கடுதாசி சனிக்கிழமை வந்துச்சு. பராமரிப்பு, அணைச்சுப் போடுங்கன்னு. யார அணைக்க?"

சீல் அக்கா இயந்திரத்தைக் கரண்டில் செருகினாள். அது ஓடிய விவரமெல்லாம் உள்ளே பதிவாகியிருக்கும். திரையில் வந்தது. அந்த வியாழக்கிழமை வரை அறுபத்து மூன்று நாள் நிற்காமல் ஓடியிருந்தது. அலாரம் என்று இருக்கும் இடத்தில் ஒன்றுமில்லை.

அணைத்துவிட்டு, வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, தலைகுனிந்து வெளியே போய்விடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. பராமரிப்பு என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. நூறு தடவைக்கு மேல் சொல்லிப் பழகிய சொல்.

"அலாரம் அடிச்சிருக்கணும்மா," என்றாள். "அடிக்கல. மெஷின்ல ஒரு தப்பு. எங்களுக்கு அது தெரியும். சரி பண்ணியும் வச்சிருந்தோம், திங்கட்கிழமையே. அனுப்பியிருந்தா செவ்வாய்க்கிழமை விடியும்போது இதுக்குள்ள வந்திருக்கும். அனுப்ப முடியாம போச்சு. அனுப்புற வேலை என்னோடது. தப்பு நான் பண்ணுனது."

அந்தப் பெண் கேட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மேஜையின் விளிம்பில் ஒட்டியிருந்த நூல் ஒன்றைப் பிய்த்தாள். இன்னொன்றைப் பிய்த்தாள். அடிப்பாளோ, கத்துவாளோ என்று காத்திருந்தாள் சீல் அக்கா. அடித்தால் நல்லது என்றிருந்தது.

"என்கூட வாங்க," என்றாள் அந்தப் பெண் கடைசியில்.

"எங்கம்மா?"

"எதிர்வீட்டுக்கு. அந்த அக்கா, அலாரம் அடிச்சப்ப தான் தூங்கிட்டதா நெனச்சுக்கிட்டு இருக்காங்க. பன்னெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடல, என் முகத்தப் பார்க்க மாட்டேங்கிறாங்க. நான் சொன்னா கேக்கல. நீங்க சொல்லுங்க. என்கிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க."

நான்கு எட்டு வைத்தால் எதிர்வீடு. கதவைத் திறந்தது ஐம்பது வயதுப் பெண். காது மடலுக்குப் பின்னால் தலைமுடி கலைந்திருந்தது. தையல்காரர் மனைவியைப் பார்த்ததும் பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனாள். சீல் அக்கா வாசலிலேயே நின்று, முதலிலிருந்து இரண்டாம் தடவை சொன்னாள். இந்தத் தடவை சுலபமாக இருக்கும் என்று எதனாலோ நினைத்திருந்தாள். இல்லை.

எதிர்வீட்டுக்காரி கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அப்ப நான் தூங்கலையா?" என்றாள்.

"இல்லம்மா. அது அடிக்கவே இல்ல."

"காய் நறுக்கிக்கிட்டுதான் இருந்தேன். இந்தக் கதவுகூடத் திறந்துதான் இருந்துச்சு. அடிச்ச மாதிரி இல்லியேன்னு தோணுச்சு. அப்புறம் நானே, இல்ல, நீ கண்ணசந்திருப்பேன்னு..." தையல்காரர் மனைவி போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். சீல் அக்கா அந்த அழுகைக்கு வெளியே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டுக்காரி தலையைத் தூக்கி, "அவர் கூப்பிட்டிருப்பாரோ? மாஸ்க்கோட கூப்பிட்டா எனக்குக் கேட்டிருக்குமா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியலம்மா," என்றாள்.

உண்மையிலேயே தெரியாது. இயந்திரம் அதைப் பதிவு செய்வதில்லை.

கீழே இறங்கி வந்து படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனோடு வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கையைப் பிடித்து எழுப்பி, முன்சீட்டில் உட்கார வைத்தார். பின்சீட்டில் யாரோ விட்டுவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் ஒவ்வொரு வளைவிலும் அங்குமிங்கும் உருண்டது.

மறுநாள் முதலாளியிடம், ஒருத்தர் போய்விட்டார், அவர் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றாள். "யாரு?" என்றார் அவர். "தையல்காரர். நாப்பத்தி ஒம்பது வயசு." அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த வாரமே அவரே, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி கொடுக்கும் அரசுத் துறைக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தார். கவரைக் கிழித்ததையும் விடாமல் எழுதினார். புது இயந்திரம் செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. பதினோரு பேரில் ஏழு பேர் போய்விட்டார்கள். ஏற்கெனவே வீடுகளில் இருப்பவற்றை மட்டும் சரிசெய்து முடிக்க அனுமதி கிடைத்தது.

அவளும் தாடியும் ஆளுக்கொரு பையோடு ஐந்து மாதம் அலைந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் திருகைக் கழற்றுமுன் அவள் காரணத்தைச் சொன்னாள். சிலர் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். ஒரு கிழவர் முகமூடியைக் கழற்றிவிட்டு, மூச்சு வாங்க வாங்கத் திட்டினார். அவர் மறுபடி மாட்டிக்கொள்ளும் வரை இவள் கெஞ்சிக்கொண்டு நின்றாள். சிலர் ஒன்றுமே சொல்லாமல் தண்ணீர் கொடுத்தார்கள். எந்த வீட்டிலும் அதைச் சொல்வது சுலபமாகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.